பெருங்காயத்தோடு வந்த கோதுமை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சீலியாக் நோய் உள்ளவரின் சிறுகுடலை அரித்துவிடும். குடலின் உட்சுவரில் உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, இரத்தம் குறையும், எலும்பு வலுவிழக்கும். இதற்கு இன்றுவரை உள்ள ஒரே வைத்தியம் குளூட்டனை முற்றிலும் விலக்குவதுதான். தமிழ்நாட்டில் ஒருவருக்கு இந்த நோய் உறுதியானதும் மருத்துவர் நீட்டும் பட்டியலில் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரெட் இருக்கும். கேட்பவருக்கு அது தாங்க முடியாத பாரமாகத் தெரியாது. சோறும் இட்லியும் தோசையும் சாம்பாரும் ரசமும் இருக்கின்றனவே! ஆனால் அதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் வயிறு ஆறாதவர்கள், இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இறங்காதவர்கள் உண்டு. அப்போது சந்தேகம் ஓட்டல் தோசைக்கல்லின் மேல் போகும், மாவு மில்லின் மேல் போகும், கடையில் வாங்கிய மிக்சரின் மேல் போகும். எல்லாம் நியாயமான சந்தேகங்கள்தாம். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை. அரிசி உண்ணும் வீடுகளுக்குள் கோதுமை மிகப் பழைய காலத்திலேயே, யாரும் கோதுமை என்று கவனிக்காமல், அந்த வழியில்தான் வந்து சேர்ந்தது. ஒரு பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதை அறிய, அதைச் சாப்பிடும் ஊரைப் பார்த்துப் பயனில்லை, அது எந்தெந்தக் கைகள் மாறி வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதற்குப் பெருங்காயத்தின் வரலாற்றைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பெருங்காயம் இந்திய மண்ணின் பொருள் அல்ல. ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஃபெருலா இனச் செடிகளின் வேரைக் கீறினால் வடியும் பால் இறுகிப் பிசினாகிறது. 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்துநூலில் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இந்தியா முழுவதும் மருந்துக்கும் சமையலுக்கும் மிகுதியாகப் புழங்கும் பொருளாக இதைக் குறிப்பிடுகிறார். அறுவடையை நேரில் பார்த்து விரிவாக எழுதியவர் ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பர்ட் கெம்ப்ஃபர். 1680களில் பாரசீகத்தின் லார் பகுதி மலைகளில் அவர் கண்டதை 1712இல் வெளியிட்டார். வேரின் தலையைச் சீவி, வெயில் படாமல் மூடிவைத்து, சில நாள் கழித்துத் திறந்து, மேலே திரண்ட பாலை வழித்து, மறுபடி மெல்லியதாகச் சீவி மூடுவார்கள். வேர் வற்றும்வரை இது நடக்கும். மிக மெல்ல, சொட்டுச் சொட்டாகச் சேரும் சரக்கு. அதனால் விலை அதிகம். விலை அதிகமான, கையில் ஒட்டுகிற, நிறமும் உருவமும் நிலையில்லாத ஒரு பொருளோடு வேறொன்றைச் சேர்த்து எடையைக் கூட்டுவது எளிது.

சேர்த்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1857இல் கந்தஹாருக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக்குழுவில் மருத்துவராக இருந்த ஹென்றி வால்டர் பெல்லியூ, 1862இல் வெளியான தம் பயணக்குறிப்பில் பெருங்காய வாணிபத்தைப் பற்றி எழுதுகிறார். பால் எடுப்பவர்களே, வியாபாரியிடம் ஒப்படைக்கும் முன்பு, அந்த இடத்திலேயே கோதுமை மாவையோ பார்லி மாவையோ ஜிப்சம் பொடியையோ கலந்துவிடுவது வழக்கம் என்கிறார். கலப்பு ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்குமாம். வேரின் நடுக்குருத்திலிருந்து எடுக்கும் உயர்ந்த ரகத்தில் மட்டும் கலப்பு கிடையாது, அதன் விலையும் வேறு. 1884–85இல் ஆப்கான் எல்லைக் குழுவோடு போன தாவரவியலாளர் எய்ச்சிசன், ஹெராத் பக்கத்தில் செம்மண் கலப்பதைப் பதிந்திருக்கிறார். பெல்லியூ சொல்லும் இரண்டு மாவுகளையும் கவனிக்க வேண்டும். கோதுமை, பார்லி இரண்டுமே குளூட்டன் உள்ளவை. மலையடிவாரத்தில் பால் எடுத்தவன் வீட்டில் இருந்த மாவு அதுதான். அவன் அரிசிமாவுக்கு எங்கே போவான்?

இந்தச் சான்று, நம் ஊரில் அடிக்கடி கேட்கும் ஒரு மறுப்புக்கும் பதிலாகிறது. அந்தக் காலத்தில் எல்லாம் சுத்தமான பால்பெருங்காயம், இந்த மாவுக் கலப்பெல்லாம் பாக்கெட் கம்பெனிகள் வந்தபின் ஏற்பட்ட கேடு என்பார்கள். பால்பெருங்காயம் இருந்தது உண்மை. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கும். ஆனால் அது வாங்கக்கூடியவர் வாங்கிய பொருள். மலையிலேயே மாவு ஏறிய சரக்கு கந்தஹார் வழியாகவும் பாரசீகத் துறைமுகங்கள் வழியாகவும் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து தெற்கே பரவியபோது, தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ சில்லறைக்கு வாங்கிய குடும்பத்தின் கையில் எது சேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. முன்னோர் சமையல் குளூட்டன் இல்லாதது என்ற நம்பிக்கையில், நோயாளி பழைய வழக்கத்துக்குத் திரும்பினாலே போதும் என்று சொல்பவர்கள், அந்தப் பழைய வழக்கத்தின் கொள்முதல் கணக்கைப் பார்க்கவில்லை.

கலப்பு என்றவுடன் கள்ளத்தனம் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. சுத்தப் பிசின் இடிபடாது, உரலில் ஒட்டிக்கொள்ளும். கடுகளவு போட்டாலே குழம்பு முழுக்க மணக்கும், கொஞ்சம் கை கூடினால் கசக்கும். கந்தகச் சேர்மங்கள் நிறைந்த அதன் எண்ணெய் பக்கத்துப் பொருள்களிலெல்லாம் ஏறும். இப்படிப்பட்ட ஒன்றை ஏழை வீடும் அளந்து போடும்படி ஆக்க, ஏதாவது ஒரு மாவில் பரப்பித்தான் ஆக வேண்டும். பிசினை நீரில் ஊறவைத்து, கல்லும் மண்ணும் போக வடித்து, கருவேலம் பிசின் வகையைச் சேர்ந்த அரபுப் பிசினோடும் மாவோடும் பிசைந்து, உலர்த்திக் கட்டியாக வெட்டுவதோ தூளாக்குவதோ ஒரு நேர்மையான தொழிலாகவே வளர்ந்தது. அதுதான் கூட்டுப் பெருங்காயம். உத்தரப்பிரதேசத்து ஹாத்ரஸ் இதற்குப் பேர்போன ஊர், 2023இல் அதன் பெருங்காயத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பம்பாயில் 1894இல் தொடங்கிய லால்ஜி கோது நிறுவனத்தின் எல்.ஜி. கட்டி தமிழ் வீடுகளில் பெருங்காயத்துக்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. இரண்டு ஊர்களும் வடக்கே, மேற்கே இருப்பவை. அங்கே மாவு என்றால் கோதுமை. உருளை ஆலைகளில் அரைத்த மைதா மலிந்தபோது அது இன்னும் வசதியானது. வெள்ளையாக இருக்கும், பிசைந்தால் இழுத்துப் பிடிக்கும், விலை குறைவு. இழுத்துப் பிடிக்கும் அந்தக் குணத்தைத் தருவதே குளூட்டன் என்பதால், சீலியாக் நோயாளிக்கு ஆகாத பொருள்தான் அந்தத் தொழிலுக்கு உதவிய பொருளும். மதுரையில் யாரோ இதை முதலில் பிசைந்திருந்தால் அரிசிமாவு போட்டிருப்பார், இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

சட்டம் இதை ஏற்றுக்கொண்டது, ஒளிக்கவில்லை. 1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும் 1955இன் விதிகளும் பெருங்காயம் வேறு, கூட்டுப் பெருங்காயம் வேறு என்று பிரித்தன. கூட்டுப் பெருங்காயத்தில் அரபுப் பிசினும் உண்ணத்தக்க மாச்சத்தும் தானியமாவும் சேரலாம். சாராயத்தில் கரைந்து வரும் சாறு சுத்தப் பெருங்காயத்தில் 12 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, கூட்டில் 5 விழுக்காடு இருந்தால் போதும். எரித்தால் மிஞ்சும் சாம்பலுக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த அளவுகோல்களின் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கவலை தெரிகிறது: ஜிப்சமும் செம்மண்ணும். அவை எரியாது, சாம்பலில் அகப்பட்டுக்கொள்ளும். மாவோ எரிந்து போய்விடும். ஆக, சரக்கில் மணம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைகள் வகுக்கப்பட்டன. எந்தத் தானியம் என்று கேட்க அன்று காரணம் இல்லை. வீட்டில் செய்து பார்க்கும் அயோடின் சோதனைக்கும் இதே குறைதான். ஒரு சிட்டிகைத் தூளை வெந்நீரில் கலக்கி, ஆறியபின் ஒரு சொட்டு டிங்சர் அயோடினை விட்டால் கருநீலம் படரும். மாச்சத்து இருக்கிறது என்பது உறுதி. அது அரிசியிலிருந்து வந்ததா கோதுமையிலிருந்து வந்ததா என்று அந்த நீலம் சொல்லாது. குளூட்டனையே தேடிப் பிடிக்கும் எலைசா சோதனைதான் அதைச் சொல்லும், அது ஆய்வகத்து வேலை.

எந்தத் தானியம் என்ற கேள்வியே உலகத்துக்கு 1950இல்தான் தெளிவாகக் கிடைத்தது. லண்டனில் சாமுவேல் கீ 1888இல் நோயை விவரித்து, குணம் என்று ஒன்று இருந்தால் அது உணவில்தான் என்று சரியாகச் சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் குழந்தைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார், மாவுச்சத்துகள் எல்லாமே பகை என்று நினைத்தார். ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் வில்லெம் கரெல் டிக்கே 1930களிலிருந்தே கோதுமையைச் சந்தேகித்து வந்தார், 1941இல் அதைப் பற்றி எழுதியும் இருந்தார். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து பட்டினி கிடந்தபோது பிரெட் அற்றுப்போனது. ஊரே மெலிந்த நேரத்தில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறின. பிரெட் திரும்பியதும் நோயும் திரும்பியது. போர் முடிந்தபின் வெவ்வேறு தானியங்களைக் கொடுத்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து, 1950இல் தம் ஆய்வேட்டில் அவர் முடிவை நிறுவினார். அந்த ஆய்வுகளில் அரிசி குற்றமற்றதாகவே நின்றது. அரிசி என்ற தானியத்துக்குக் கிடைத்த அந்த நற்சான்றை, அரிசி உண்ணும் நாட்டின் சமையல் முழுமைக்கும் நீட்டியதில்தான் பிழை நுழைந்தது.

இனி முக்கியமான மறுப்புக்கு வருவோம். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் என்ன இருந்துவிடப் போகிறது? கணக்குப் போட்டே பார்க்கலாம். கலவையில் மாவின் பங்கு சரக்குக்குச் சரக்கு மாறும், பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். மைதாவில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு குளூட்டன். அப்படியானால் 1 கிராம் தூளில் 40 மில்லிகிராம். நால்வருக்கான சாம்பாரில் கால் கிராம் போட்டால் ஒருவர் பங்குக்கு 2.5 மில்லிகிராம் வரும். ரசத்துக்குக் கை தாராளமாகப் போகும், அரை கிராம் என்றால் ஒருவருக்கு 5. காலை இட்லிக்கு ஊற்றிய சாம்பாரையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமைத் தொடுகிறது. ஊறுகாயும் அப்பளமும் இதில் சேரவில்லை. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வில் சீலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதம் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தபோது குடலுறிஞ்சிகள் தேய்ந்தன. 10 மில்லிகிராம் பெற்றவர்களின் குடலில் தெளிவான மாற்றம் இல்லை, ஆனால் அவர்களில் ஒருவருக்கு நோய்க்குறிகள் திரும்பிவிட்டன. எனவே மறுப்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: பெரும்பாலோருக்கு இந்த அளவு குடலைக் குலைக்காமல் போகலாம். மீதிப் பாதிதான் இங்கே பொருட்டு. எல்லோரையும்விட நுட்பமாக எதிர்வினை காட்டும் அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. அவருக்கு இந்தச் சிட்டிகை தினமும், வேளைக்கு வேளை, ஆண்டுக்கணக்கில் விழுகிறது. எப்போதோ தின்னும் பரோட்டாவை எளிதில் நினைவுகூரலாம். தினமும் விழும் சிட்டிகையை யாரும் நினைவில் வைப்பதில்லை, நோயாளி மருத்துவரிடம் சொல்வதும் இல்லை.

குளூட்டன் அற்றது என்று விற்க இன்று உலக அளவிலும் இந்தியாவிலும் உள்ள வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். மேலே சொன்ன ரசம் 200 மில்லிக்கு 5 மில்லிகிராம் என்றால் கிலோவுக்கு 25 ஆகிறது. மிளகும் புளியும் தக்காளியும் பருப்புத் தண்ணீரும் மட்டுமே உள்ள ரசம், சட்டப்படி குளூட்டன் அற்றது என்று சொல்லிக்கொள்ள முடியாத உணவாகிறது. கூட்டுப் பெருங்காயத் தூளோ இதே கணக்கில் வரம்பைப் போல் இரண்டாயிரம் மடங்கு. எண்ணெயில் பொரிவதால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஆறுதல் தேடுவதிலும் பயனில்லை. தாளிக்கும் சூடு கிருமியைக் கொல்லும், குளூட்டனைச் செயலிழக்கச் செய்யாது. சொல்லப்போனால் சூடேறிய குளூட்டனைச் சோதனையில் பிரித்தெடுப்பதுதான் சிரமமாகிறது. அந்த 20 என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1979இல் உலக உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ் முதல் தரத்தை வகுத்தபோது, கோதுமை மாச்சத்தில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனை அளந்தார்கள். குளூட்டனை நேரடியாக அளக்கும் கருவி கைக்கு வந்தபின், 2008இல் வரம்பு இறங்கியது. அளக்கத் தெரிந்த அளவுக்கே ஆபத்தும் கண்ணில் பட்டிருக்கிறது.

தென்னாட்டில் இந்த நோயே அபூர்வம், ஊரே உண்ணும் பொருளைச் சிலருக்காக ஏன் துருவ வேண்டும் என்று கேட்பவர்கள் 2016இல் வெளியான இந்திய ஆய்வை மேற்கோள் காட்டலாம். 23,000 பேருக்கு மேல் பரிசோதித்த அந்த ஆய்வில் சீலியாக் எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடம் இருந்தது, தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடம் மட்டுமே. ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டு எண்களைத் தருகிறது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடம், தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம் இருந்தன. வேறுபாடு சொற்பம். தினசரி கோதுமை உட்கொள்ளல் வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25. ஆக, தென்னாட்டுக் குடலுக்குத் தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லை, கோதுமை குறைவாகப் போய்க்கொண்டிருந்தது என்பதே பெரும்பாலும் காரணம். அந்த நிலை மாறிவருகிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது தொடங்கி, 1950களிலும் 60களிலும் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் தாண்டி, இன்று இரவுச் சாப்பாடு என்றாலே சப்பாத்தி என்றாகிவிட்ட வீடுகள் எத்தனை! அபூர்வம் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார்கள், பாராட்டத்தக்க பணி. அந்த நோயிலும் குடலுறிஞ்சிகள் சிதையும், உடல் மெலியும். அப்படி ஒரு விளக்கம் தயாராக இருந்த மண்ணில், கோதுமையைச் சந்தேகிக்க ஒரு மருத்துவருக்கு அவசியம் ஏற்படாமல் போயிருக்கலாம். அரிதாகத் தேடிய நோய் அரிதாகவே அகப்படும்.

டப்பாவில்தான் அச்சிட்டிருக்கிறதே, படித்தால் தெரியாதா என்பது கடைசி மறுப்பு. பெருங்காய டப்பாவைப் பொறுத்தவரை இது சரி. உட்பொருள் வரிசையில் கோதுமை மாவு என்று இருக்கும், பல தயாரிப்புகளில் அரிசிமாவு போட்டு அதைப் பெருமையாகவே அறிவிக்கிறார்கள். சிக்கல், பெருங்காயம் இன்னொரு பண்டத்துக்குள் போனபிறகு வருகிறது. 2011இன் விதிகளின்படி, ஒரு கூட்டு உட்பொருள் மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்து எழுதத் தேவை இருக்கவில்லை. ஊறுகாயிலும் அப்பளத்திலும் புளியோதரைப் பொடியிலும் ரசப்பொடியிலும் பெருங்காயம் என்ற ஒரே சொல்லோடு கோதுமை மறைந்துபோனது இப்படித்தான். கிலோவுக்கு 10 கிராம் கூட்டுப் பெருங்காயம் போட்ட ஊறுகாயில் மேலே சொன்ன கணக்குப்படி 400 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும், பெருங்காயத்தின் அளவோ ஒரே ஒரு விழுக்காடு. 2020இன் லேபிள் விதிகள் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியே அறிவிக்கச் சொல்கின்றன, குளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் மெஸ் சாம்பாருக்கும் கல்யாணப் பந்திக்கும் பக்கத்துத் தெருவில் தட்டைமுறுக்கு சுட்டு விற்கும் அம்மாவின் தூக்குக்கும் லேபிள் ஒட்டுவது யார்? தெருவோர மாவு மில்லைப் பாருங்கள். மிளகாய்த்தூளுக்குத் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள், மாவில் காரம் ஏறினால் வாடிக்கையாளர் அன்றே சண்டைக்கு வருவார். கோதுமை அரைத்த அதே கல்லில் அடுத்து அரிசியையோ கேழ்வரகையோ கொட்டுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை, ஏனென்றால் கோதுமை நாக்கில் உறைக்காது. தென்னிந்தியச் சந்தையில் வாங்கிய தானியப் பொருள்களைச் சோதித்து 2017இல் வந்த ஆய்வில், இயல்பில் குளூட்டன் இல்லாத தானியங்களின் மாவிலும் வரம்பு மீறிய கலப்பு காணப்பட்டது.

ஆகவே காரணம் புரியாமல் அவதிப்படும் ஒருவர் தம் உணவைத் துருவும்போது, பண்டத்தின் பெயரிலிருந்து தொடங்காமல் அதை முடித்துக்கொடுக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே பயன் தரும். வீட்டுப் பெருங்காயத்தை மாவு சேராததாகவோ அரிசிமாவில் செய்ததாகவோ மாற்றி, கடை ஊறுகாயையும் பொடிகளையும் அப்பளத்தையும் நிறுத்தி, சில மாதம் கழித்து எதிர்ப்புப் புரதத்தை மறுபடி அளந்து பார்ப்பது, மருத்துவர் துணையோடு எவரும் செய்யக்கூடிய காரியம். நோயை உறுதிசெய்யும் பரிசோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்தக்கூடாது என்பதும் முக்கியம், நிறுத்தினால் சோதனை பொய்யாகும். தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. பிசினைப் பரப்ப ஏதோ ஒரு மாவு வேண்டும் என்பது தொழிலின் தேவை. அது கோதுமையாக இருப்பது கந்தஹார், ஹாத்ரஸ், பம்பாய் என்ற பாதையின் தற்செயல். அரிசிமாவிலும் அதே மணம் நிற்கிறது என்று சந்தையே காட்டிவிட்டது. 2020 அக்டோபரில் இமாசலப்பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் அறிவியல் நிறுவனத்தார் இந்தியாவின் முதல் பெருங்காயச் செடியை நட்டார்கள். பால் தர ஏறத்தாழ ஐந்தாண்டு பிடிக்கும் செடி அது. இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்பதே நோக்கமாகப் பேசப்பட்டது. அந்தப் பாலை எந்த மாவில் பிசையப்போகிறோம் என்பதும் அதே மேசையில் பேசப்பட வேண்டிய விஷயம், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கூட்டுப் பெருங்காயம் எந்தப் பண்டத்தில் எவ்வளவு குறைவாகச் சேர்ந்தாலும், அதிலுள்ள தானியத்தின் பெயரை அந்தப் பண்டத்தின் உட்பொருள் வரிசையிலேயே, பெருங்காயம் என்ற சொல்லை ஒட்டி அச்சிட வேண்டும்.